போன் சொல்லுது, பொன்மணி உள்ளதான் கீறா

...நான் உள்ள கீறனாம்! தோ பாரு மே, கேட்டாண்ட, வெயில்ல, டிபன் டப்பாவ கைல புடிச்சினு நிக்கிறேன். வாச்மேன் லாரன்ஸ் அண்ணன் போன பாக்குறாரு, என்ன பாக்குறாரு, மறுக்கா போன பாக்குறாரு. "பொன்மணி, நேத்து காலைல உள்ள போனவ நீ, இன்னும் வெளிய வர்லியே"ன்றாரு. அப்ப இங்க நிக்கிறது யாரு, என் ஆவியா? "கண்ணு கீதா அண்ணே உனக்கு?"ன்னேன். "கண்ணு கீதும்மா, ஆனா உள்ள கீற ஆள மறுக்கா உள்ள உட பட்டன் வர மாட்டுது, செகரட்டரி வந்து அமுக்கணும்"னுட்டாரு. செகரட்டரி எங்கன்றியா? மொட்ட மாடில! தண்ணி டேங்க் மூடிய தொறந்து என்னத் தேடினு கீறாராம்!

சிரிக்கிறியா? சிரி சிரி. மொதல்ல நானும் சிரிச்சிக்கினுதான் இருந்தேன். இப்டி வந்து குந்து, மரத்தாண்ட நெழலு கீது. நீயும் வூட்டு வேலைக்குப் புதுசா? உள்ள உடறதுக்கு ஓகே வர்ற வரிக்கும் நில்லுன்ட்டாங்களா? அதான் தங்கச்சி இங்க. கோட்டூர்புரத்துல இது அப்பார்ட்மெண்டா ஏர்போட்டான்னே தெரியாது. பேரு இன்னா? செண்பகமா... நல்ல பேரு.

உனக்கும் இன்னிக்கு போட்டோ புடிப்பாங்க. சிரிக்கக் கூடாதுன்னுவாங்க, சிரிக்காம புடிச்சா திருடி மாதிரியே உழும். அப்பறம் ஒரு நம்பர் தருவாங்க. அந்த நம்பர கேட்டுல அமுக்குனேன்னு வையி, நீ வேலை செய்ற எல்லா வூட்டுப் போனும் டிங்குன்னும். "பொன்மணி வந்தாச்சு." வெளிய போறப்போ மறுக்கா டிங்கு. "பொன்மணி போயாச்சு." கட்டுன புருசன் முருகையன், அந்தாளுக்கே நான் எப்ப வரேன் எப்ப போறேன்னு தெரியாது. நாலு வூட்டுக்குத் தெரியுது!

முன்ன எப்டி இருந்துச்சு தெரியுமா? நாலு வூடு, நாலு பொய்யி. ஸ்ரீரங்கன் சார் வூட்ல பஸ்ஸு லேட்டு. பெரும்பாக்கத்துலேர்ந்து வர்றவ லேட்டுன்னா யாரு நம்ப மாட்டா? முன்ன இதோ இந்தப் பாலத்தாண்ட, ஆத்தோரமா இருந்தோம். அப்ப நடந்தே வந்துடுவேன். இடிச்சிட்டு அம்மாந்தொலவுல கொண்டுபோயி கடாசிட்டாங்க. அத்த உடு. பேச்சியம்மா வூட்ல வயித்து வலி. அனுப்ரியா மேடத்தாண்ட பொண்ணுக்கு ஜொரம். நாலாவது வூட்டுக்கு அன்னிக்கு எது வாயில வருதோ அது. ஒரு பொய்யால யாருக்காச்சும் கெடுதல் உண்டா? அதது அதது வூட்ல பதவிசா இருந்துச்சு. இப்ப இன்னாடான்னா லிப்டுல நின்னுக்கினு ஒருத்தருக்கொருத்தர் போன காட்டிக்கிறாங்க. "காலைலயே கேட்டுக்குள்ள வந்துட்டே, எங்க வீட்டுக்கு இப்பதான் வர்றே, நடுவுல எங்க இருந்தே?" அடக் கடவுளே, நடுவுல உன் எதிர்வூட்ல பாத்திரம் தேச்சினு இருந்தேன்!

இன்னொன்னு கேளு, ஸ்டாரு போடறாங்க. எனக்கு! ஓட்டல்ல தோச தின்னுட்டுப் போடற மாதிரி. எவளோ மூணே மூணு ஸ்டார் போட்டு எழுதி வச்சிருக்கா, "வேலை சுத்தம், ஆனா பேச்சு அதிகம்"னு. என் பொண்ணு அன்புக்கரசிதான் படிச்சிக் காட்டுனா, வுழுந்து வுழுந்து சிரிக்கிறா அது. நானா பேசுறேன்? நானா? கேட்டா பதில் சொல்லுவேன், அவ்ளோதான். உன்னாண்ட இப்ப இன்னாத்த பேசிட்டேன், நீயே சொல்லு. ...ஏய், இன்னாத்துக்கு சிரிக்கிறே?

அந்தப் போட்டோ, ஆதாரு, செல் நம்பரு, அல்லாம் எங்க வச்சிகிறீங்கன்னு லாரன்ஸ் அண்ணன கேட்டேன். செகரட்டரியாண்டன்னாரு. செகரட்டரிய கேட்டேன், கம்பெனியாண்டன்னாரு. கம்பெனி எங்க கீதுன்னா யாருக்குமே தெரில. என் மொகம் எந்தத் தெருவுல குடியிருக்குதுன்னு எனக்கே அட்ரஸ் தெரியாது தங்கச்சி! அன்னிக்குப் புடிச்சி ஒருத்தி தெனம் போன் பண்றா, "பொன்மணி மேடம், லோன் வேணுமா மேடம்"னு. ஊர்லயே என்ன மேடம்ன்றது அவ ஒருத்திதான். அதனால நானும் கொஞ்ச நேரம் பேசுவேன், பாவம்.

சரி, அவங்களுக்கு யாரு ஸ்டார் போடறது? நான் போடட்டா? பேச்சியம்மா, தி.நகர்ல ஜவுளிக் கடை, திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்க. சோத்துக்கு அஞ்சு ஸ்டாரு, சொதின்னு தேங்காப்பால் கொழம்பு ஒண்ணு ஊத்துவாங்க பாரு, தட்ட கழுவவே மனசு வராது. ஆனா ஒரு கொழம்புக்கு ஒம்பது பாத்திரம் எடுப்பாங்க, அதுக்கு ரெண்டு ஸ்டார் கட். செகரட்டரி சிதம்பரநாதன் சாரு, அவரு வூட்லயும் நான்தான். அதான் இம்மாம் அக்கறையா டேங்குல தேடறாரு, சிங்க்குல பாத்திரம் காஞ்சினு கெடக்கும்ல. ஒண்ணர ஸ்டாரு.

அவங்க வூட்டுக் குப்ப மொத்தமும் எனக்குத் தெரியும் மே. யாரு மாத்திர முழுங்குறாங்க, யாரு முழுங்காம குப்பையில போடறாங்க, எந்தம்மா சீலை வாங்குன பில்ல கிழிச்சி டீத்தூளுக்கடில மறைக்கிறாங்க... அல்லாம் இதோ, இந்த வயித்துக்குள்ள பத்தரமா கீது. நான் எந்த மெசின்லயாச்சும் ஏத்துனனா? யாருக்காச்சும் டிங்கு உட்டனா? உசிரே போனாலும் வாயத் தொறக்க மாட்டேன். ...சரி, உன்னாண்ட ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஸ்ரீரங்கன் சாருக்கு சக்கர. அவரு துணி பீரோக்குப் பின்னால அல்வா டப்பா. நான் சொன்னேன்னு சொல்லாத.

அனுப்ரியா மேடம் மட்டும் தங்கம். கம்ப்யூட்டர் வேலை, எந்நேரமும் காதுல ஒயரு. சாவிகூட என்னாண்டதான் குடுத்து வச்சிகிறாங்க. அவங்களுக்கே போன் போட்டேன் இப்ப, "மேடம், கேட்டாண்ட நிக்கிறேன், உட மாட்டுறாங்க"ன்னேன். "பொய் சொல்லாதே பொன்மணி, போன் உள்ளதான் காட்டுது, யார் வீட்ல வேலை செஞ்சிட்டு இருக்கே?"ன்னு கட் பண்ட்டாங்க! அவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னா, பேச்சியம்மா என்ன ராத்திரி தங்க வச்சிட்டாங்களாம். பேச்சியம்மா நெனைக்கிறாங்க, அனுப்ரியா வச்சிட்டாங்கன்னு. காலைல லிப்டாண்ட ரெண்டு பேருக்கும் வாய்த் தகராறாம், லாரன்ஸ் அண்ணன் சொல்றாரு. எனக்காக! எனக்காக ரெண்டு மேடம் சண்ட போட்டாங்க மே, கல்யாணத்துக்குக்கூட எவனும் எனக்காக சண்ட போடல!

அக்காங்... அப்ப நேத்து நான் வெளியவே போவலையான்னுதானே பாக்குறே? போனேன். இரு, லாரன்ஸ் அண்ணன் கேக்குறாரான்னு பாரு. ...இல்ல, டீ குடிச்சினு கீறாரு. பின்னால குப்ப வண்டி வர்ற வாசல் கீதுல்ல, அங்க நம்பரும் கெடையாது டிங்கும் கெடையாது. குப்ப வண்டி மறைவுல நைசா நழுவிட்டேன். முன்வாசல்ல போனா "பொன்மணி போயாச்சு"ன்னு நாலு வூட்டுக்கும் அடிக்கும், இம்மாம் சீக்கிரம் எங்க போறேன்னு கேப்பாங்க. திரும்பி வந்து நம்பர அமுக்கி கணக்க முடிச்சிடலாம்னு பாத்தேன், மறந்தே பூட்டேன், நேரா பஸ் ஏறிட்டேன். ஆமா, என் தப்புதான், இப்ப இன்னான்ற?

எங்க போனேன்னா... உன் தலை மேல கை வையி. சத்தியம் பண்ணு. அசோக் நகர்ல பொம்பளைங்களுக்கு ஆட்டோ ஓட்டக் கத்துத் தராங்க மே. கண்ணால சிரிக்காத! முருகையனும் ஆட்டோதான், ஆனா அந்தாளு ஹேண்டில தொட உடாது, சீட்டுல குந்துனாலே "துணி அழுக்கா"ன்னும். எனக்கு அதுல ஒரு ஆச, ரொம்ப நாளா. கால்ல கெளப்பாம கைல கெளப்புறப்ப டுர்ருன்னு முழிச்சிக்கும் பாரு, எனக்குன்னே முழிச்ச மாதிரி. இவங்களுக்குத் தெரிஞ்சா, "இவ எப்டியும் போயிடுவா"ன்னு இன்னிக்கே வேற ஆள் பாத்துருவாங்க. லைசென்ஸு கைக்கு வர்ற வரிக்கும் எங்க வூட்டு சோறு இந்தக் கேட்டுக்குள்ளதான் கீது. அதான் யாராண்டயும் மூச்சு உடல. உனக்கு மட்டுந்தான்.

தோ, உன்னத்தான் கூப்புடறாரு. ஓகே வந்துடுச்சாம், எந்திரி. ஆமா, எந்த வூடுன்னு கேக்கவே இல்லியே... ஏ ப்ளாக்கா? ரெண்டாவது மாடி... அனுப்ரியா மேடமா? இன்னாமே சொல்றே? அது என் வூடு மே! இன்னிக்கு ஒரு நாளைக்கா? ...நிரந்தரமாவா. எப்ப கூப்ட்டாங்க? ...காலைலயேவா.

தோடா... என்னத் தேடறாங்கன்னு நெனச்சேன் மே. உள்ளுக்குள்ள கொஞ்சம் குஷியாகூட இருந்துச்சு. அவங்க வேலைக்கு ஆளு தேடியிருக்காங்க.

போ, நீ இன்னா பண்ணுவே, உனக்கும் வயிறு கீது. நானும் ஒரு மணி நேரமா உனக்கு அல்லாத்தயும் சொல்லிக் குடுத்துனு குந்தினு கீறேன் பாரு, என்னச் சொல்லணும். ...ஏய், ஓடாத! குக்கர நாலு விசில்ல நிறுத்து, பருப்பு கொழஞ்சா மூஞ்ச தூக்கி வச்சிப்பாங்க! பால்கனிக் கதவு மாட்டிக்கும், கீழ ஒரு ஒத உடு! கேக்குதா? செண்பகம்! லிப்டுல ஏறாத, இன்னும் ஒண்ணு! நான் ஆட்டோ கத்துக்கிறத மட்டும் அனுப்ரியா மேடத்தாண்ட சொல்லிடாதமே! இன்னாது, கேக்கலியா? ஆட்டோ! நான்! ஆட்டோ ஓட்டக் கத்துக்கிறேன்ல, அது! சொல்லிடாத!

...ஐயோ, பால்கனில அனுப்ரியா மேடம்.

குட்மார்னிங் மேடம். ஆமா மேடம், கேட்டாண்டதான் கீறேன், அப்பவே சொன்னேன்ல... பேச்சியம்மா, ஸ்ரீரங்கன் சார், நீங்களும் பால்கனிக்கு வந்துட்டீங்களா. செகரட்டரி சார், எட்டிப் பாக்காதீங்க, உழுந்துடுவீங்க, டேங்க மூடிட்டு வாங்க... இன்னா மேடம்? இல்ல மேடம்... அது வந்து... ஆமா. ஆட்டோதான். சொல்லக் கூடாதுன்னு இல்ல மேடம்... வெள்ளிக்கெழம டெஸ்ட்டு. எட்டு போடணும். ...நானா? நல்லா போடுவேன் மேடம்! மாஸ்டரே சொன்னாரு, ஒரு கோட்ட தொடாம போடறேன்னு! லாரன்ஸ் அண்ணே, கேட்ட தொறங்க... தொறங்க அண்ணே, அதான் நாலு பேரும் பாக்குறாங்கல்ல! மேடம், அங்கயே நில்லுங்க, கார் நிறுத்துற எடத்துல நடந்தே போட்டுக் காட்டறேன்!