ஊதாக் குடைக்காரிக்கு யார் முன்னால் நிற்பது?

மேடையில் அமர்ந்திருக்கும் பெய்தோவ் ஊர் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஷென் அவர்களே! வந்த விருந்தினரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, பனிமூங்கில் விடுதியைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கும் பாய் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் மடியில் ஏதோ துணிப் பையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பாவ்-சு அண்ணி அவர்களே! யார் தாளம் தவறினாலும் உடனே திரும்பிப் பார்க்கும் நல்ல குணம் படைத்த என் சக கலைஞர்களே! இந்த மழையிலும் மலையேறி வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நமது அக்கார்டியன் வித்தகர், விடுதிகள்தோறும் இசை வளர்த்த பெருந்தகை, லியாவ் ஷுய்-யுவான் அவர்கள் போய்விட்டார். நாமெல்லாம் யுவான் அண்ணன் என்று கூப்பிட்ட அந்த மனிதர் போய்விட்டார். அந்த நாற்காலியில் இருப்பது அவருடைய அக்கார்டியன். வெந்நீர் ஊற்றுகளின் கந்தக ஆவி பட்டுப் பட்டு அதன் பித்தளையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் துடைத்து வைக்கட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். "வேணாம் ஹாங், அவரு மூஞ்சி மாதிரியே இருக்கு, விட்டுடு" என்றார்.

அண்ணன் அக்கார்டியன், நான் கிதார், யுவே-தாவ் மேளமும் குரலும். இதுதான் எங்கள் குழு. சாயங்காலம் ஆனால் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் போவோம். மலைச்சரிவெல்லாம் ஆவி. எந்த விடுதி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சன்னலில் முடித்த பாட்டு அடுத்த சன்னலில் எங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். சில நாட்களில் நாங்கள் வாசிக்கிறோமா, ஆவிதான் பாடுகிறதா என்றே எனக்குப் பிடிபடாது.

நாங்கள் எங்களுக்குப் பிடித்த பாட்டையா வாசித்தோம்? இல்லை! விருந்தினர் கேட்டதை வாசித்தோம். குளித்துவிட்டு, முகம் சிவக்கக் குடித்துவிட்டு, அவர் எதைக் கேட்டாரோ அதை வாசித்தோம். கேட்டதையே திரும்பக் கேட்டாரா? திரும்ப வாசித்தோம். இங்கே உட்கார்ந்திருக்கும் கலைஞர்களே, உங்களில் யார் பிடிக்காத பாட்டை வாசிக்காமல் பிழைத்தவர்? கை தூக்குங்கள் பார்க்கலாம்! ஒரு கையும் காணோம்.

நான் குழுவில் சேர்ந்த புதிதில், படகுக்காரன் பாட்டு ஒன்று எனக்கு அறவே ஆகாது. ஒருநாள் பனிமூங்கில் விடுதியில் அதைக் கேட்டார்கள். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே கம்பிகளைச் சுரண்டினேன். அண்ணன் பாதியில் நிறுத்தினார். "வாத்தியத்துல ஈரம் ஏறிடுச்சு, பொறுத்துக்கணும்" என்று விருந்தினரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். என் சட்டையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தார்.

"டேய் ஹாங், இந்தப் பாட்டு உன்னை என்னடா பண்ணுச்சு?"

"பிடிக்கலண்ணே. கேட்டாலே எரிச்சலா வருது."

"அப்படியா! ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே இதுக்கு நீதான் முன்னாடி நிக்கிற."

"பிடிக்கலங்கறேன், முன்னாடி நில்லுங்கறீங்க!"

"பிடிச்சவன் கண்ண மூடிக்குவான்டா. மூடிக்கிட்டு அவன்பாட்டுக்கு எங்கயோ போயிருவான். கேட்ட மனுசன் இங்க உக்காந்திருக்கான். பிடிக்காதவனுக்குத்தான் கண்ணு தொறந்திருக்கும். பாட்டப் பாக்காத, அந்த ஆளு மூஞ்சியப் பாத்து வாசி."

அன்றிலிருந்து அதுவே எங்கள் குழுவின் சட்டம். எந்தப் பாட்டு யாருக்கு அதிகம் பிடிக்காதோ, அவர் முன்னால் நிற்க வேண்டும். தாளத்தின் வேகத்தை அவர்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் விடுதியின் சமையலறை வாசலில் நின்று இதற்காகச் சண்டை போடுவோம். "எனக்கு அதைவிடப் பிடிக்காது" என்று யுவே-தாவ் கத்துவாள். "உனக்கு நேத்து கண்ணு கலங்குச்சு, நான் பார்த்தேன்" என்று அண்ணன் அவளை மடக்குவார். அந்தச் சட்டம் இந்த ஊர்க் குழுக்களுக்கெல்லாம் பரவியது. இன்று சங்கமே அதன்படி நடக்கிறது. சங்கத்துக்கு அவர் செய்த தொண்டுகளில் இதைவிடப் பெரியது வேறு உண்டா?

சரி, அண்ணனுக்குப் பிடிக்காத பாட்டு எது?

சொல்லப் போகிறேன். சொல்வதற்கு அனுமதியும் வாங்கிவிட்டேன். "ஊதாக் குடைக்காரி"!

ஆம்! நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. ஊதாக் குடைக்காரியை அவரைப் போல் வாசிக்க ஆள் உண்டா என்று நீங்கள்தான் கேட்பீர்கள். அதைக் கேட்பதற்கென்றே ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் உண்டு. அந்த மனிதருக்கு அது வேப்பங்காய்! ஊதாக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மழையில் ரயிலடியில் நிற்கிறாள். ரயில் வரவில்லை. அழுகிறாள். கடைசி அடியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற்றி அழுகிறாள். "குடைதான் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு நனையறா?" என்பார் அண்ணன். "ஸ்டேஷன்னா கூரை இருக்காதா?" என்பார்.

இருபது வயதிலிருந்து அதை வாசித்தவர். எப்படித் தாங்கினார்? ஒரு மாலை, மோட்டார் சைக்கிளில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், ஆவிக்குள்ளே மெல்லச் சொன்னார்.

"ஹாங், இன்னைக்கு அவ ஒரு பன் வாங்கித் தின்னா."

"யாருண்ணே?"

"குடைக்காரிதான். எத்தனை நாள்தான் வெறும் வயித்தோட நிப்பா? நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் அவர் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று நடக்கும். ஒருநாள் செருப்பு அறுந்தது. ஒருநாள் ரயிலடிப் பூனை அவள் காலடியில் குட்டி போட்டது. ஒருநாள் அவளுக்குக் கடைவாய்ப் பல் விழுந்தது. அன்று முழுக்க அண்ணன் தன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவள் அந்த ரயிலடியிலேயே ஒரு சூப் கடை போட்டாள். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதட்டலாகப் பேசுவாளாம். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்களே, அவர்கள் அழுதது ஒரு பாட்டுக்கு. அவர் வாசித்தது வேறொரு வாழ்க்கை!

இதில் ஒன்று மட்டும் அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "எனக்குப் பிடிக்காதுன்னு அவகிட்ட மூச்சு விட்டீங்க, கிதார் கம்பியாலயே கட்டிப்போட்டுருவேன். அது அவளோட உயிர்ப் பாட்டு" என்பார்.

ஏன் அப்படி நினைத்தார்? அண்ணி அந்தக் காலத்தில் பனிமூங்கில் விடுதியில் பரிமாறுகிற பெண். அண்ணன் உள்ளே ஊதாக் குடைக்காரி வாசித்துக்கொண்டிருக்கிறார். கதவு இடுக்கில் பார்த்தால், தாழ்வாரத்து ஆவிக்குள்ளே, கையில் தட்டோடு ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். பாட்டு முடியும்வரை நிற்கிறாள். அண்ணன் மயங்கிவிட்டார். அடுத்த நாள் அவள் வந்தபோது யாரும் கேட்காமலே அதை வாசித்தார். அதற்கடுத்த நாளும். கல்யாணத்தில் வாசித்தார். ஒவ்வொரு வருடமும் கல்யாண நாளில் வாசித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார்!

நண்பர்களே, நம் சங்கத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மறைந்த கலைஞரின் வாத்தியத்தை நாற்காலியில் வைத்து, அவருக்கு மிகப் பிடித்த பாட்டை வாசித்து வழியனுப்புவோம். அண்ணி சொன்ன பாட்டு அழைப்பிதழிலேயே அச்சாகிவிட்டது. அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கும் யுவே-தாவுக்கும் ஒரே சண்டை.

"ஆயுசு முழுக்க அந்தாளு பட்டது போதாதா? செத்த பிறகும் அதையே கேக்கணுமா?" என்றாள் அவள்.

"அண்ணி ஆசைப்பட்டுக் கேட்டிருக்காங்களே!"

"சரி, வாசிக்கலாம். யாரு முன்னாடி நிக்கறது? சட்டம் இருக்குல்ல? உனக்கு அது பிடிக்காதா?"

எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்காமல்தான் இருந்தது. ஆனால் இந்த நாட்களில் குளிக்கும்போது அதைத்தான் முணுமுணுக்கிறேன். தேநீர் ஆற்றும்போதும் அதுதான். வெறுத்துப் பார்க்கிறேன், முடியவில்லை! அவளுக்கும் அதே கதி. முதல் அடியைப் பாடிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், அழுதுவிட்டாள். அண்ணனின் சட்டப்படி நாங்கள் இருவருமே லாயக்கில்லை. அவர் வகுத்த சட்டத்தை அவருடைய இரங்கல் கூட்டத்திலேயே மீறுவதா? அவருக்குப் பிடிக்காத பாட்டை, கண்ணை மூடிக்கொண்டு அரைகுறையாக வாசித்து அவரை அனுப்புவதா? என்னால் முடியாது! நேற்றுக் காலை நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். சத்தியத்தை மீறினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அவருக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காதுங்க அண்ணி."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

"அட பாவி மனுசா!" என்று அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்கும் அந்தச் சனியன் பிடிக்காது தம்பி! அவருக்கு உசிருன்னு நெனச்சுல்ல வருசா வருசம் வாசிக்கச் சொன்னேன்!"

"அப்ப, கதவுகிட்ட நின்னீங்களே..."

"நிக்காம? பாட்டு நடக்கையில கதவத் தொறக்கக் கூடாதுன்னு பாய் அம்மாவோட மாமியார் உத்தரவு. கையில மூங்கில் குருத்து சூப்பு. உள்ள அந்தப் பொம்பள மூணாவது தடவையா அழுவுறா. சூப்பு ஆறுது! ஆறின சூப்ப வச்சா திட்டு எனக்குத்தானே விழும்? சீக்கிரம் முடிங்கடான்னு நகத்தால தட்டு விளிம்புல தட்டிக்கிட்டே நின்னேன்."

தட்டிக் காட்டினார். சபையோரே, அதுதான்! அண்ணன் ஊதாக் குடைக்காரிக்கு வைத்த தாளம்! மற்றவர்கள் இழுத்து இழுத்து வாசிக்கும் அந்தப் பாட்டை, அவர் மட்டும் ஏன் ஒரு துள்ளலோடு வாசித்தார் என்று இந்த ஊரே வியந்ததே, அது அங்கிருந்துதான் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பொறுமையிழந்து தட்டிய ஒரு பெண்ணின் நகத்திலிருந்து வந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் கடைசியாக அவரைப் பார்த்த பிற்பகல். சன்னலில் மூடுபனி. அரைத் தூக்கத்தில் இருந்தார். சிரிக்க வைக்கலாம் என்று கேட்டேன்.

"அண்ணே, ரயில் வந்துச்சா?"

"வந்துச்சு ஹாங். அவதான் ஏறல."

"ஏன்?"

"கடைய யாரு பாத்துக்கறது? ரயில்காரனையே அதட்டறா, 'கூவுனது போதும்யா, சூப்பு ஆறுது'ன்னு."

இதைச் சொன்னதும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? தெரியாமலே அந்த ஆவிக்குள் கண்டுகொண்டாரா? நான் அறியேன். ஆனால் அத்தனை வருடமாக அவர் அந்தப் பாட்டுக்குள் சோறூட்டி, செருப்பு வாங்கிக் கொடுத்து, கடை வைத்துக் கொடுத்த பெண் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். அவருக்குப் பாட்டு பிடிக்கவில்லை. பாட்டுக்குள் நின்றவளைப் பிடித்திருந்தது!

யுவான் அண்ணா! உங்கள் முன்னால், உங்கள் கறுத்துப்போன பெட்டியின் முன்னால், நாங்கள் உறுதி சொல்கிறோம். கேட்ட பாட்டை வாசிப்போம். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் வாசிப்போம். பாட்டைப் பார்க்க மாட்டோம், கேட்டவர் முகத்தைப் பார்ப்போம். பிடிக்காதவரே முன்னால் நிற்பார். இந்தச் சட்டத்தை இன்று, இந்தக் கூட்டத்திலிருந்தே காப்பாற்றுகிறோம்.

யுவே-தாவ் மேளத்தின் முன் உட்கார்ந்துவிட்டாள். நான் கிதாரை மாட்டிக்கொள்கிறேன். அக்கார்டியனை யாரும் தொட வேண்டாம். அதன் முறை வரும்போது நாங்கள் சும்மா இருப்போம், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குள் இந்தப் பாட்டை இன்னமும் மனதார வெறுக்கிறவர் ஒரே ஒருவர்தான். அவர் மடியிலிருக்கும் பையில் பனிமூங்கில் விடுதியின் பழைய தட்டு இருக்கிறது.

அண்ணி, எழுந்து முன்னாடி வாங்க. சூப்பு ஆறுது!