பன்னிரண்டு மாடிக்கு ஒரு ஆள்

மச்சினன்: இன்னும் படிக்கணுமா அத்தான்?

அத்தான்: பாதியில நிறுத்தினா எப்படி? இந்த மோட்டார் ரூம்ல நாற்காலி ஏது, அந்த டூல்ஸ் பெட்டி மேல உக்காந்து படி.

மச்சினன்: "பொதுப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் தேவை. குழாய், மின்சாரம், மோட்டார், பூட்டு..."

அத்தான்: பெயின்ட்டை விட்டிருக்க மாட்டானே.

மச்சினன்: அதுவும் இருக்கு.

அத்தான்: ஒரு ஆளு, ஆறு பேர் வேலை. உனக்கு இதுல என்ன தெரியும்?

மச்சினன்: பதினாலு வருஷம் லேத்துல நின்னவன் நான். பட்டறையை மூடிட்டா கை மறந்துபோயிடுமா?

அத்தான்: கை மறக்காது மாப்ள. மூக்கு மறக்கணும். நாலாவது மாடி கக்கூஸ் அடைச்சா, கையை விட்டுத்தான் எடுக்கணும்.

மச்சினன்: கையுறை தருவாங்கல்ல?

அத்தான்: போன வருஷம் ஒரு ஜோடி தந்தாங்க. ரெண்டும் இடது கை.

மச்சினன்: சும்மா சொல்லாதீங்க...

அத்தான்: பின்னால ஆணியில தொங்குது பாரு.

மச்சினன்: ...ஆமா.

அத்தான்: சரி, நேரம் என்ன போட்டிருக்கான்?

மச்சினன்: காலையில எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு. "அவசரத் தேவையின்போது எந்நேரமும்."

அத்தான்: அவசரம்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ. உங்க அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு, இங்க எட்டாவது மாடியில ஒரு அம்மாவுக்கு வெந்நீர் வரலை. நான் உடனே வரலைன்னா வேலை இருக்காதுன்னாங்க. ஆஸ்பத்திரியிலேருந்து ஓடி வந்தேன்.

மச்சினன்: நான் அங்கதானே இருந்தேன். கண்ணு முழிச்சதும் அக்கா உங்களைத்தான் கேட்டுச்சு.

அத்தான்: என்ன சொன்னே?

மச்சினன்: மாத்திரை வாங்கப் போயிருக்காருன்னு...

அத்தான்: ம். மேல படி.

மச்சினன்: அவ்வளவுதான் அத்தான்.

அத்தான்: கட்டை விரலுக்குக் கீழே ஒரு வரி இருக்கு.

மச்சினன்: அது... "வயது நாற்பத்தைந்துக்குள். இருபதடி ஏணியில் ஏறவும் முப்பது கிலோ தூக்கவும் உடல் தகுதி அவசியம்."

அத்தான்: நான் சேரும்போது இந்த வரி கிடையாது.

மச்சினன்: முட்டி இப்ப எப்படி இருக்கு?

அத்தான்: இவங்க ஏணியிலேருந்து விழுந்த முட்டி. இவங்களுக்கே ஆகாமப் போச்சு.

மச்சினன்: அப்ப... இது எந்தக் கட்டிடம்னு உங்களுக்குத் தெரியுமா?

அத்தான்: இருபத்திரண்டு வருஷமா நான் துடைச்ச மோட்டாரு. எனக்குத் தெரியாதா?

மச்சினன்: அத்தான், நான் திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டப்புறம்தான் இடத்தைச் சொன்னாங்க. சத்தியமா.

அத்தான்: நாலு நாளா என் முகத்தைப் பார்க்காமச் சாப்பிட்டியே. உப்பு ஜாஸ்தியா இருந்தும் வாயைத் திறக்கலை. அப்பவே புரிஞ்சுது.

மச்சினன்: இப்பவே போய் வேணாம்னு சொல்லிடறேன்.

அத்தான்: சொல்லிட்டு? நீயும் நானும் எதிரும் புதிருமா உக்காந்து சுவத்தைப் பார்க்கலாமா?

மச்சினன்: உங்க வயித்துல அடிச்சு நான் பொழைக்கணுமா அத்தான்?

அத்தான்: அந்தக் காகிதம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?

மச்சினன்: ஏஜென்சிக்காரர் போன் பண்ணிக் கூப்பிட்டார்.

அத்தான்: நீ அங்க மனு போட்டியா?

மச்சினன்: இல்லையே...

அத்தான்: பின்ன உன் நம்பரை அவருக்கு யாரு கொடுத்தா?

மச்சினன்: ...நீங்களா?

அத்தான்: போன மாசமே சொல்லிட்டாங்க மாப்ள, இன்னையோட நின்னுக்கோன்னு. தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுன்னாங்க, உன் பேரைச் சொன்னேன். உங்க அக்காவுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் துணையா உன்னை எடுத்திருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், அவளுக்கு ஒரே சந்தோஷம். அதனால, நாளையிலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்புவோம். தெருமுனை வரைக்கும் கூட வரேன்... அதுக்கப்புறம் நீ வேலைக்குப் போ.