ஆளில்லாத கோட்டிலிருந்து திரும்பி வந்த பந்து

சின்னஞ்சிறு கைகளில் பெரும்பந்தைப் பேசவைத்த பெருமாட்டியே! விசில் ஒலி ஒன்றால் வெயிலையும் வரிசையில் நிற்கவைத்த வித்தகியே! பெருங்களத்தூரில் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையாய்ப் பணியாற்றிப் பணிநிறைவு பெறும் அன்புச் சகோதரி ஜெயசீலி அவர்களே! மாலை சூட்டி மேடையில் அமர்த்தியிருக்கும் தங்களை மனம் நிறைந்தும், சற்றே நடுங்கியும் வணங்குகிறோம்.

நடுக்கம் ஏன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வந்திருக்கும் விருந்தினர் அறியார். இன்றாவது அதை மறைக்காமல் எழுதிவிடுவது என்று ஆசிரியர் அறையில் முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு தமிழாசிரியன் தோத்தாத்ரியின் தலையில் விழுந்தது. அவன் மின்சார ரயிலின் ஊதலுக்கே திடுக்கிடுகிறவன். ஆகவே நடை தடுமாறினால் பொறுத்தருள வேண்டும்.

எண்பத்தைந்தின் பெருமழை வெள்ளம் வடிந்த மறு கோடையில், பள்ளியின் பின்புறம், ஏரியை ஒட்டிக் கூடைப்பந்துக்கான சிமெண்டுத் திடல் போடப்பட்டது. வளையமோ வானுயரத்தில், பிள்ளைகளோ தங்கள் இடுப்புயரத்தில். வேறொருவராயின், வளரட்டும், பார்க்கலாம் என்று விட்டிருப்பார். தாங்களோ வேப்பமரத்தில் தாழ்வாக, அடிப்பாகம் இல்லாத மூங்கில் கூடை ஒன்றைக் கட்டி, கனத்த பந்துக்குப் பதில் ரப்பர் பந்து வாங்கி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூடைப்பந்தைத் தொடங்கினீர்கள். உள்ளங்கையால் அறையாமல் விரல்நுனியால் தட்டவும், பந்தைப் பாராமல் எதிரில் நிற்பவரைப் பார்க்கவும், மார்பிலிருந்து புறப்பட்ட பந்து மார்பிலேயே போய்ச் சேரும்படி எறியவும், மூக்கொழுகும் மழலைகளும் தங்களிடம் கற்றன. பெற்றோர் வியந்தனர், நாங்கள் பொறாமைப்பட்டோம்.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கடைசிப் பந்தின் சத்தம் அடங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பது தங்கள் சட்டம். அந்த அமைதியில்தான் அது முதன்முதலில் கேட்டது. கேட்டவர் நம் கடைநிலை ஊழியர் ஏகநாதன். "டீச்சர், எல்லாப் பந்தும் புள்ளைங்க கையில கீது. அப்ப ஏரிப் பக்கம் இன்னா தட்டிக்கினு கீது?" என்று அவர் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். ரயிலின் அதிர்வு என்றார் ஒருவர்; தாம்பரம் விமானப்படைத் தளத்து இரைச்சல் என்றார் மற்றொருவர். தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் அடங்கிய பிறகே பிள்ளைகளை அனுப்பினீர்கள்.

பின்பு வந்தது தையல்நாயகியின் நாள். இருவர் இருவராக எதிரெதிர் நின்று பந்து பரிமாறும் பயிற்சியில் அந்த இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ஜோடி கிடைக்கவில்லை. தாங்கள் கீழே விழுந்த ஒருவனுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவளோ ஏரிப் பக்கக் கோட்டைப் பார்த்துப் பந்தை எறிந்தாள். அங்கே சுவரில்லை, மரமில்லை, மனிதரில்லை. பந்து திரும்பி வந்தது. ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்று நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம்.

அன்றுமுதல் அவள் மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை. இடைவேளை தோறும் திடலில் தனியே நின்றாள், சாப்பாட்டுக்கும் வர மறுத்தாள், காய்ச்சலில் விழுந்தாள். யாரோடு விளையாடுகிறாய் என்று தாங்கள் கேட்டபோது, "பேர் கேட்டேன் டீச்சர், சொல்ல மாட்டேங்குது. கைய மட்டும் நீட்டுது" என்றாளாம். எங்களில் இருவர் மாற்றலுக்கு மனு எழுதினர். தாங்களோ தையல்நாயகியை இன்னொரு சிறுமியோடு சேர்த்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் தாங்களே போய் நின்றீர்கள். ஆளில்லாத அந்தக் கோட்டைப் பார்த்து, எந்தப் பிள்ளையிடமும் பேசும் அதே குரலில், "ஒரு அடி முன்னால வச்சு எறி கண்ணு. ம், வரும், வரும்" என்றீர்கள்.

தொடக்கத்தில் முழங்காலுக்கும் தலைக்கு மேலுமாகத் தாறுமாறாய் வந்த பந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல நேராக வந்தது. தாங்கள் மாலைதோறும் எதிரில் நின்ற வரையில், கோட்டருகே இருந்த அது எந்தக் குழந்தையையும் அழைக்கவில்லை. தாங்கள் மஞ்சள்காமாலையில் படுத்த மாதத்தில் மட்டும், இன்னொரு குழந்தை தனியே அந்தக் கோட்டைப் பார்த்துக் கைநீட்டி நின்றது. தேறும்முன்பே எழுந்து வந்தீர்கள். கோட்டருகே நிற்கும் அது யார், எங்கிருந்து வந்தது என்பதை இன்றுவரை எவரும் அறியோம்.

ஆதலால்தான், ஓய்வு பெற்ற பிறகும் தினமும் மாலையில் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். தங்கள் முழங்கால் வீங்கியிருக்கிறது. வண்டலூரில் தங்கை தபீதாள் தங்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்துக் காத்திருக்கிறார். பிள்ளைகளுக்காக இத்தனை காலம் அங்கே நின்ற தங்களை, இனியும் தனியே நிற்கவிட எங்களுக்கு வெட்கமாயிருக்கிறது, அம்மா.

எனவே சென்ற வெள்ளியன்று, தாங்கள் புகைப்படம் எடுக்கப் போயிருந்த நேரம், தோத்தாத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திடலில் இறங்கினான். வாழ்நாளில் பந்தைத் தொடாதவன். அவன் எறிந்தது கோணலாய்ப் போய், கோட்டருகே அந்தரத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தான். பிறகு, ஒரு வயதானவன் பிடிக்கக்கூடிய அளவு மெதுவாக, நெஞ்சுக்கு நேராக வந்து அவன் கையில் சேர்ந்தது. உடனே மிக அருகில், இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் பேசாதது, தங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தோடே சொல்லிற்று: "முழங்கை விரியக் கூடாது சார். ம், வரும், வரும்."

நோயின்றி, வலியின்றி, உற்றார் சூழ நீடு வாழ்க! திங்கள்முதல் மாலைதோறும் ஒருவராக அந்தக் கோட்டின் எதிரே நிற்க எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். மாலையில் தாங்கள் வர வேண்டாம். தங்கள் மாணவர் எங்களுக்குச் சொல்லித் தருவார்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத,
பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்
பெருங்களத்தூர், 1995