ரீட்டாவுக்கு வந்த மாலை

வணக்கம் சொல்லுமுன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் கழுத்தில் கிடக்கும் இந்தச் சம்பங்கி மாலை எனக்கு வந்ததல்ல. விருந்தாளிக்கு மாலை என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டிவிட்டேன். உரியவள் முன்வரிசையிலிருந்து என்னையே பார்க்கிறாள்.

அவைத்தலைவர் அண்ணன் அப்புசாமி அவர்களே, முதலமடை மாந்தோப்புப் பெருமக்களே, மாங்காய்ப் பால் காயாத கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பட்டாளத்து நாய்ப்படையில் பணிமுடித்த குப்பண்ணன் அவர்களே, அவரோடு பணிமுடித்த ரீட்டா அவர்களே!

எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம் கண்டவள் இங்கே வந்தபோது ஊர் என்ன சொன்னது? அல்சேஷன் என்றால் ஓநாய் வம்சம் என்றது. ஆட்டைத் தின்னும் என்றது, ஆளைத் தின்னும் என்றது. கடித்தாளா? இல்லை. குரைத்தாளா? அதுவும் இல்லை. அதுதான் பெரிய குற்றம் என்றார் மயிலாத்தாள் அக்கா.

"கமுக்கமா இருக்கறதுதானுங்க கடிக்கும். எங்கூட்டுக்காரரைப் பாருங்க."

(யாரங்கே கைதட்டுவது? அந்த வீட்டுக்காரரேதானா?)

நாய்க்குப் பயந்து காய் பறிக்க ஆள் வராதே என்று, அவளை ஊரைவிட்டு அனுப்ப மாங்காய்க் கொட்டகையில் கூட்டம் போட்டோம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் தலைவர். வழிமொழிந்தவன் யாரென்று தயவுசெய்து கேட்காதீர்கள். பழுக்கவைக்கும் வைக்கோல் மேல் அமர்ந்து, பீடியைப் பற்றவைத்து, தலைவர் முழங்கினார். ரீட்டா உள்ளே வந்தாள். வைக்கோலை முகர்ந்தாள். தலைவர் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். காலில் விழுந்து கெஞ்சுகிறாள் என்று நாங்கள் உருகினோம். குப்பண்ணன் உருகவில்லை.

"அப்புசாமியண்ணா, அந்தப் பீடிய மெதுவா வெளிய கொண்டுபோயிருங்க. வெடிமருந்து மோந்தாத்தானுங்க இவ இப்பிடி உக்காருவா."

வைக்கோலுக்கடியில் அம்மன் திருவிழா வெடிவழிபாட்டுக்கு வாங்கிய மருந்துச் சாக்கு! வைத்துவிட்டு மறந்தவர் யார்? தலைவர் அவர்களே, இப்போது செருமிப் பயனில்லை.

தலைவர் பாய்ந்தார். அவருக்கு முன்பே வாசலைத் தாண்டியவன் அடியேன். கடைசிவரை நகராமல் இருந்தது யார்? ஓநாய் என்று நாம் ஒதுக்கியவள்! பல்லைப் பார்த்தோம், பணியைப் பார்த்தோமா? வம்சத்தைப் பார்த்தோம், வாழ்ந்த வாழ்வைப் பார்த்தோமா? பிறப்பைக் கேட்டுப் பழிபோடும் பழக்கம் நாயோடாவது ஒழியட்டும் என்று, கிழித்த தீர்மானத்தின் மேல் நின்று முழங்குகிறேன்! ரீட்டா இந்த ஊர்க்காரி. இனி எங்கும் போகமாட்டாள்.

இதோ, மாலையை உரிய கழுத்தில் போடுகிறேன். குப்பண்ணா, சங்கிலியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்க.

பொறுமையாகக் கேட்ட இரண்டுகால், நாலுகால் பெருமக்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

ஆங்... ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மருந்தைத் திருவிழாவில் கொளுத்தினோம். ஒரு வேட்டுக்கூட வெடிக்கவில்லை. வாங்கிவந்த வழியிலேயே கோடைமழையில் ஊறிப்போயிருந்ததாம்.