காலியான உள்பெட்டி

பெட்டிக்குள் பெட்டியாக எதையும் அடைத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பிப் பார்த்தால்தான் நிம்மதி.

அந்த முதியோர் இல்லத்தின் தகவல் தளத்தை நான்தான் கட்டினேன். ஒவ்வொரு முதியவரும் ஒரு பெட்டி. அதற்குள் உறவினர்கள் என்றொரு பெட்டி. அதற்குள் தொலைபேசி எண்கள். தகவலை இப்படி அடுக்கும் முறையை ஜேசான் என்பார்கள். நான் எழுதிய நிரல்துண்டு, அதாவது என் ஃபங்ஷன், எல்லாவற்றையும் திறந்து, ஆளையும் எண்ணையும் ஒரே வரியில் தட்டையாக்கிக் கொடுக்கும். செவிலியர்கள் பார்த்து ஊசி போடும் பட்டியல் அதிலிருந்துதான் வந்தது. ஊசி போட்டதும் வீட்டாருக்குச் செய்தி போக வேண்டுமே.

அலுவலகத்தில் என் நிரலைச் சோதித்துப் பார்க்கும் பெண் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, உறவுப் பெட்டி காலியா இருந்தா ஆளே பட்டியல்ல வரமாட்டேங்குறாரு.”

“யாரும் இல்லாதவங்களை அங்க சேர்க்கவே மாட்டாங்க. வராத மழைக்குக் குடை பிடிக்காத.”

“சரிக்கா, பின்னாடி என் தலையை உருட்டாதீங்க.”

நான் சொன்னதில் இன்றும் மாற்றமில்லை. படுக்கைவிரிப்புக் கணக்கில் மட்டும், காலிப் பெட்டிக்காரர்களும் வரும்படி நிரலில் ஒரு சொல் சேர்த்தேன். விரிப்புகள் தொலையக் கூடாது.

அங்கே என் அப்பாவும் இருந்தார். இன்சுலின் ஊசியில்தான் அவர் உயிர் நின்றது. கடைசியாக நான் போனபோது, “தாத்தா, உங்க பொண்ணு வந்திருக்காங்க” என்றார் செவிலியர்.

“எனக்கு யாரும்மா இருக்கா? இது கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பொண்ணு.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மறதி நோய் என்று மருத்துவர் எழுதியிருந்தார். நான் நம்பவில்லை. செத்துப்போன என் அண்ணனின் பெயரை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

அலுவலகம் திரும்பியதும் அவர் சொன்னதையே பதிந்தேன். அவருடைய உறவுப் பெட்டியில் இருந்தது என் எண் மட்டும்தான். அதை எடுத்துவிட்டேன்.

ஊசிப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அவர் கேட்டதற்கு, “டாக்டர் நிறுத்திட்டாரு போல, தாத்தா” என்றார்களாம். விரிப்பை மட்டும் தவறாமல் மாற்றினார்கள். பட்டியலைப் பார்த்து வேலை செய்தவர்கள்மேல் குற்றமில்லை. என் ஃபங்ஷனிலும் பிழையில்லை. யாரும் இல்லை என்றார். இல்லை என்று காட்டியது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வாரம் முழுக்கப் போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. ‘என் பொண்ணைக் கூப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கூப்பிடும் எண்ணிலேயே இல்லத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கும். உடனே எல்லாவற்றையும் சரிசெய்திருப்பேன். கடைசிவரை என்னைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.