சகலையின் மூன்று விரல் சீட்டு

பெயர், அடையாள அட்டையில் கண்டபடி. தொழிற்சாலையில் எல்லோரும் என்னைப் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடி, பதினாலாம் எண் வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. விமானங்களுக்கு இருக்கை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மெத்தைப் பிரிவில் வேலை, கடைசி ஒன்பது வருடம் மேஸ்திரியாக. என்னை இங்கே யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அதன் பிறகு இதைச் சொல்கிறேன்.

சகலை என்று நான் இதில் சொல்வது என் மனைவியின் தங்கை கணவரை. வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடத்துக்கு முன் அவர் வேலையில்லாமல் இருந்தபோது, மேலாளரிடம் பேசி அவரைத் தையல் பிரிவில் சேர்த்துவிட்டது நான். இதை நான் சொல்லிக்காட்டுவதாக ஆய்வாளர் நினைக்கலாம். சொல்லிக்காட்டுவதுதான். அதன் பிறகு அவர் மாலைக் கல்லூரியில் படித்து, படம் வரையும் பிரிவுக்கு மாறி, ஐந்தே வருடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அதே வெட்டும் மேசையில் இருந்தேன். மாமனார் வீட்டில் நாலு பேர் கூடினால், மூத்தவன் என்று முதல் நாற்காலியை எனக்குத்தான் போடுவார்கள். பேச்சு முழுக்க அவரைப் பற்றியதாக இருக்கும். நான் உள்ளே வந்தால் அவர் எழுந்து நிற்பார். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவையாவது பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சாதாரண வகுப்புச் சீட்டுக்கு நாங்கள் நான்கு அங்குல மெத்தை வைப்பது வழக்கம். தொடைக்கு ஒரு மாதிரி, வால் எலும்புக்கு ஒரு மாதிரி என்று மூன்று தினுசு ஃபோமை ஒட்டி வெட்டுவது என் வேலை. போன வருடம் சகலை மெல்லிய சீட்டு ஒன்றை வரைந்தார். முதுகு மூன்று விரல் தடிமன், மெத்தை ஒன்றரை அங்குலம். மெத்தைக்கு அடியில் தகடு கிடையாது. ஒரு வலைத்துணியின் நான்கு மூலையிலும் துளை போட்ட பட்டை இருக்கும், அதைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார்கள், உட்காருகிறவரின் கனத்தை அந்த வலைதான் தாங்கும். இதனால் முழங்காலுக்கு இடம் கூடும், விமானத்தில் இரண்டு வரிசை அதிகமாகப் போடலாம் என்று சொல்லி, மேலிடத்தில் எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தொழிற்சாலையில் அதற்கு மூன்று விரல் சீட்டு என்று பெயர்.

மெத்தை இவ்வளவு குறைந்தால் மெத்தைப் பிரிவு எதற்கு என்று ஒரு கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். அதற்குச் சகலை, "அண்ணே, அந்த ஒன்றரை அங்குலத்த உங்களத் தவிர வேற யாராலயும் வெட்ட முடியாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கேட்க வந்த மீதியைக் கேட்காமல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு மெத்தைகளை நானே வெட்டிக் கொடுத்தேன். சோதனைக்காகத் தொழிற்சாலைக்குள்ளேயே பாதி விமானம் மாதிரி ஒரு அறை கட்டி, மூன்று மூன்று சீட்டாக ஆறு வரிசை போட்டு, ஓரமாக நடைபாதை விட்டிருந்தார்கள். போன மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், குறை கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு நான் தனியாகப் போய் ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் தூங்கிப்போனேன். மணி அடித்துத்தான் விழித்தேன். இடுப்பு வலிக்கவில்லை. என் நான்கு அங்குல மெத்தையில் உட்கார்ந்தால்கூட எனக்கு இடுப்பு வலிக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அந்தச் சீட்டு மட்டமாக இருந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

சென்ற வியாழக்கிழமை சோதனை வைத்தார்கள். காலை பதினொரு மணி முதல் மாலை ஐந்து மணி வரை பதினெட்டுப் பேர் உட்கார வேண்டும். அதில் ஒருவர் சீட்டுகளை வாங்கப்போகும் விமானக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, மீதிப் பேர் தொழிலாளர் வீட்டு ஆட்கள். இடையில் ஒரு தடவை எழுந்து போய் வரலாம். முடியாதவர்கள் கை தூக்கினால் இறக்கிவிடுவார்கள். ஆனால் ஒருவர் கை தூக்கினாலும் அது சீட்டுக்குத் தோல்வி. கடைசியில் ஒரு தாளில் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முந்தின நாள் என் மனைவி தானும் போவதாகச் சொன்னாள். உன் இடுப்புக்கு ஒத்துவராது, போகாதே என்றேன். "தம்பி நேர்ல வந்து கூப்பிட்டிருக்காரு, போகலன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். தம்பி என்று அவள் சொல்வது சகலையை. எனக்கு இருபத்தைந்து வருடம் முடிந்ததற்குக் கேடயம் கொடுத்த அன்று அவளுக்குத் தலைவலி, வரவில்லை. சோதனைக்குப் போவதாக அவள் சொன்னபோது அதை நான் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் தேநீர் குடிக்கப் போனதும் நான் என்னிடம் இருந்த சாவியால் அந்த அறையைத் திறந்து உள்ளே போனேன். கதவில் ஒட்டியிருந்த தாளில், மூன்றாம் வரிசை இடது ஓரம் கொள்முதல் அதிகாரிக்கு என்று இருந்தது. மற்ற இடங்களுக்கு விருந்தினர் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நான் மூன்றாம் வரிசைக்கு எதிரே மண்டியிட்டு, இடது ஓரச் சீட்டின் மெத்தையைத் தூக்கி, பின்பக்கக் கொக்கிகள் இரண்டையும் பட்டையின் கடைசித் துளைக்கு மாற்றித் தளர்த்திவிட்டு, மெத்தையைப் பழையபடி மூடினேன். அப்படிச் செய்தால் உட்காருகிறவரின் இடுப்பு பின்னால் இறங்கிப்போகும், முன்பக்கக் குழாய் தொடையைக் கீழிருந்து அழுத்தும். அரை மணி நேரத்தில் அதிகாரி நெளிய ஆரம்பிப்பார், ஒரு மணி நேரத்தில் கை தூக்குவார், சகலையின் கொட்டம் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். கொட்டம் என்று நான் சொன்னாலும் அவரிடம் அப்படி ஒன்றும் இருந்ததில்லை. எல்லாம் முடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இதில் எனக்கு ஒரு பிசகு நேர்ந்தது. மெத்தைப் பிரிவில் நாங்கள் சீட்டுக்கு எதிரே நின்றுதான் வேலை செய்வோம், எங்களுக்கு இடது என்றால் எங்கள் இடது கைப்பக்கம். கதவில் இருந்த தாளோ உட்காருகிறவர்களுக்காக எழுதியது. உட்காருகிறவருக்கு இடது, எதிரே நிற்கிறவனுக்கு வலது. விமானத்தில் ஒரு தடவையாவது ஏறியிருந்தால் எனக்கு இது தோன்றியிருக்கும். இருபத்தாறு வருடத்தில் நான் ஏறியதில்லை.

பதினொரு மணிக்கு எல்லோரும் உள்ளே வந்தார்கள். நான் முன்சுவரில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி நான் தொடாத சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் தளர்த்திய சீட்டில் என் மனைவி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் உடம்பு பின்னால் இறங்கியதைப் பார்த்தேன்.

ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். நிறுத்தியிருக்கலாம், கதவு ஆறடி தூரத்தில்தான் இருந்தது. நிறுத்தினால் காரணம் கேட்பார்கள், சகலையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். எப்படியும் அவளே கை தூக்கிவிடுவாள் என்றும் நினைத்தேன். வீட்டு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறவள் அவள்.

அவள் கை தூக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கைக்குட்டையை நாலாக மடித்து வலது தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். ஒரு மணிக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், பாதியை வைத்துவிட்டாள். மற்றவர்கள் ஒரு தடவையாவது எழுந்து போய் வந்தார்கள், அவள் எழவே இல்லை. எழுந்தால் மறுபடி உட்கார முடியாது என்று பயந்ததாகப் பிறகு சொன்னாள். இரண்டரை மணிக்குச் சகலை வரிசை வரிசையாகக் குனிந்து, வசதியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவள் புகைப்படத்துக்குச் சிரிப்பதுபோல் சிரித்துத் தலையாட்டினாள். நான்கு மணிக்கு அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் முதலில் வந்தது இரக்கம் இல்லை. எனக்காக இவள் என்றைக்காவது ஒரு மணி நேரம் வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதையே மென்றுகொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள். அவள் மதிப்பெண் தாளில் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தாள், எழுந்தவள் நடைபாதையில் விழுந்தாள். வலது பாதத்தைத் தூக்க வரவில்லை. சகலையும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். தொடையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, மூன்று மாதத்தில் சரியாகலாம், முழுக்கச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார்.

மறுநாள் அந்தச் சீட்டைப் பிரித்தபோது கொக்கிகள் கடைசித் துளையில் இருப்பது தெரிந்தது. அதிகாரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போய், சகலையை விசாரித்தபோது, கொக்கிகளைக் கடைசியாகப் பார்த்தது தான்தான், கவனக்குறைவு தன்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய். காலை எட்டு மணிக்கே அத்தனை சீட்டையும் அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட தாளை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த அறையைத் திறக்கும் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது, அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள்.

நேற்று மாலை மருத்துவமனையில், ஏன் கை தூக்கவில்லை என்று என் மனைவியிடம் கேட்டேன். "எல்லாரும் சொகுசா உக்காந்திருந்தாங்க. என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வரைஞ்சது தம்பின்னாலும் மெத்தைய வெட்டினது நீங்கதானே? நான் கை தூக்கினா உங்களத்தானே முதல்ல கேப்பாங்க. பத்து மார்க்கு நான் யாருக்குப் போட்டேன்னு நெனச்சீங்க?" என்றாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த அவள் செருப்பை எடுத்துச் சேர்த்து வைத்தேன்.

அதன் பிறகு அவள், "தம்பியப் பாருங்க, தப்பு என்னுதுன்னு நேரா வந்து நின்னாரு. அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்" என்றாள். நேற்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் சவரம் செய்துகொண்டு இங்கே வந்தேன்.

மனம் திருந்தி வந்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் காலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது அது மட்டும் இல்லை. நான் செய்த தப்பைச் சகலை தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார், அதற்கும் அவருக்கே நல்ல பெயர் கிடைக்கிறது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. செய்தது நான். ஒரு மனசு வேணும் என்று அவள் சொன்ன அந்த வார்த்தை, வந்தால் எனக்கு வரவேண்டியது.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காவலர் ஒருவரை உடன் அனுப்பியாவது இப்போதே என்னை மருத்துவமனைக்குப் போகவிட வேண்டும். சகலை தினமும் நான்கு மணிக்கு அவளைப் பார்க்க வருவார். விஷயம் முதலில் அவர் காதுக்குப் போனால், அவரே அவளிடம் பக்குவமாகச் சொல்லி, அண்ணனை மன்னித்துவிடுங்கள் என்று எனக்காகப் பரிந்து பேசுவார். அவர் சொன்னால் அவளும் மன்னித்துவிடுவாள். அவர் வாங்கிக் கொடுக்கும் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அவள் என்னை விட்டுப் போவதாக இருந்தாலும் என் வாயால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

மேலே உள்ளதை ஆய்வாளர் எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார். நான் சொல்லாதது எதுவும் இதில் சேரவில்லை, சொன்னதில் எதுவும் விட்டுப்போகவில்லை. யாரும் மிரட்டாமல், எதையும் தருவதாகச் சொல்லாமல், முழு நினைவோடு நான் சொன்ன இவை உண்மை என்று ஒப்புக்கொண்டு, பகல் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
மெத்தைப் பிரிவு மேஸ்திரி

என் கையால் எழுதி, வாசித்துக் காட்டியது:
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்