அழிச்ச பேர்

இல்லைத் தம்பி, இந்தக் கொம்பியூட்டரின்ரை வயர் பிழையில்லை. வயரெல்லாம் நானே கழட்டிப் பூட்டிப் பாத்திட்டன். உங்களுக்கு முதல் வந்த ஆள் இது ரெண்டாயிரமாம் ஆண்டுப் பூச்சியின்ரை வேலை எண்டு சொல்லி, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போட்டார். இஞ்சை கூட்டித் துடைக்கிற வடிவம்மா இதிலை பேய் இருக்கெண்டு விபூதி பூசினவா. அந்தா, மேலை கிடக்குப் பாருங்கோ. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போற ஆள், எண்டாலும் அதைத் துடைக்க மனம் வரேல்லை. நீங்கள் சிரியுங்கோ. நானும் முதல் சிரிச்சனான்.

அந்தக் கதிரையிலை இருங்கோ றஜித் தம்பி. பின்னாலை சாயாதேங்கோ, ஒரு கால் ஆடும். கரண்ட் எப்ப நிக்கும் எண்டு சொல்லேலாது, அதுக்கு முதல் ஒருக்காப் பாத்திடுவம். நாளைக்கு விடியக் கொழும்பிலை இருந்து தவராசா ஐயா வாறார், எங்கடை புது மேலாளர். இதுக்குள்ளை இருக்கிற கடுதாசி எல்லாத்தையும் டிஸ்க்கிலை ஏத்திக்கொண்டு போய், அங்கை பேர் பேராத் தேடி எடுத்துப் பேப்பரிலை போடப் போகினமாம். அவர் வர முதல் இந்தத் தேடுற விசயம் சரி வரவேணும். வராட்டில் பெரிய கரைச்சல்.

ஓம், சொல்லுறன். இது காணாமல் போன ஆக்களின்ரை வீட்டுக்காரருக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கிற கந்தோர். தாய்மார் வந்து இருந்து சொல்லுவினம், நான் ரைப் பண்ணுவன், பெரிய இடங்களுக்கு அனுப்புவம். பேந்து அவை வந்து மறுமொழி ஏதும் வந்ததோ பிள்ளை எண்டு கேப்பினம். நான் இந்தத் தேடுற பெட்டியைத் திறந்து பேரை அடிச்சால், அந்தப் பேர் கிடக்கிற பைல் வரவேணும். முந்தி வடிவா வந்தது. இப்ப ஒரு பேரைக் குடுத்தால் சம்பந்தமில்லாத பைலெல்லாம் எழும்பி வருது. திறந்து பாத்தால் அதுக்குள்ளை அந்தப் பேர் இல்லை. தலையிலை இருந்து அடி வரை வாசிச்சாலும் இல்லை. மூடிப்போட்டுத் திரும்பத் தேடினால், இருக்கெண்டுதான் சொல்லுது.

அது எனக்குத் தெரியும் தம்பி, தமிழ் எழுத்தாலை எண்டுதான் நானும் நினைச்சனான். எங்கடை தமிழ் பொன்ட் இங்கிலீசு எழுத்துக்கு மேலை போட்ட சட்டைதானே, உள்ளுக்கை இருக்கிறது இங்கிலீசுதான். அதாலை நான் தேடுற பெட்டியிலை அந்த இங்கிலீசுக் கிறுக்கலைத்தான் அடிக்கிறனான். எது, இந்த மெனுவிலையோ? சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் வேறை வேறையாப் பார் எண்டு சொல்லுறதோ? அட, அது சரிதான். சின்ன எழுத்து ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்து வேறை தமிழ் எழுத்து. அது ரெண்டையும் ஒண்டா எடுத்தால் கண்டதெல்லாம் வரும்தானே. போடுங்கோ, சரி எண்டு போடுங்கோ.

குறைஞ்சிட்டுது. நல்லாக் குறைஞ்சிட்டுது. இருங்கோ, அதுக்குள்ளை எழும்பாதேங்கோ. யூட்சன் எண்டு ஒருக்கா அடிச்சுப் பாப்பம். தள்ளுங்கோ, நான் அடிக்கிறன்.

பாருங்கோ. வருதே. இந்த வருசம் எழுதின அவ்வளவு கடுதாசியும் வருது. நீங்களே ஒண்டைத் திறவுங்கோ. இது பத்மாசனி எண்ட ஒரு அக்காவின்ரை. தம்பியைத் தேடுறா. இதிலை எங்கை யூட்சன்? இல்லைத்தானே. மற்றதைத் திறவுங்கோ. அதிலையும் இல்லை.

ஆர் எண்டோ? அது ஒராள். பேந்து சொல்லுறன், நீங்கள் முதல் இதைப் பாருங்கோ.

விளையாட்டில்லைத் தம்பி இது. போன மாதம் என்ன நடந்தது தெரியுமோ. செட்டிகுளத்திலை பேச்சியம்மா எண்டு ஒரு அம்மா இருக்கிறா. மலைநாட்டு ஆக்கள், கலவரத்துக்குப் பயந்து இஞ்சாலை வந்து காடு வெட்டி இருந்த சனம். அவவின்ரை மகன் ரூபனைக் காணேல்லை. தவராசா ஐயா இஞ்சை நிண்ட நேரம் ரூபன் எண்டு தேடினார். பேச்சியம்மாவின்ரை கடுதாசியோடை இன்னொரு பைலும் வந்தது. அது வேறை ஒரு பெடியன்ரை பைல், அவன் மறியலிலை, சிறைக்குள்ளை இருக்கிறான் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சு எழுதினது. ஐயா அதை வடிவா வாசிக்கேல்லை. ரூபனும் அதுக்குள்ளைதான் எண்டு நினைச்சு, ஆள் கிடைச்சிட்டார், வாங்கோ எண்டு சொல்லி அனுப்பிப்போட்டார்.

அந்த மனிசி பஸ் மாறி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலையும் இறங்கி ஏறி வந்தவா. கையிலை ஒரு பை. பைக்குள்ளை தோய்ச்சு மடிச்ச சேட்டும் சாறமும். எம்புள்ள எங்கம்மா, உள்ளாற இருக்கானா எண்டு கேட்டா. ஐயாதான் பிழை நடந்துபோச்செண்டு சொன்னார். அவா ஏசேல்லை, அழவுமில்லை. இந்த மேசையிலை அந்தச் சேட்டை விரிச்சு மடிக்கிறதும், பேந்து விரிக்கிறதும், பேந்து மடிக்கிறதுமா இருந்தா. பஸ்ஸுக்கு நேரம் போகுது அம்மா எண்டு நான்தான் எழுப்பி விட்டனான். அண்டைக்கு இருந்து எனக்கு இதிலை ஒரு பேரை அடிக்கக் கை கூசுது.

நான் எப்பிடி எழுதிறனான் எண்டோ? ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன? புதுசா ஒண்டும் எழுதிறேல்லைத் தம்பி. எல்லாருக்கும் ஒரே கதைதானே, ஆள்தான் வேறை. ஒரு மாதிரிக் கடுதாசி வைச்சிருக்கிறன். அதைக் கொப்பி எடுத்து, அதிலை கிடக்கிற பேரையும் ஊரையும் அழிச்சுப்போட்டு, வந்த ஆளின்ரை பேரை அடிச்சு சேவ் பண்ணுவன். செட்டிகுளம் பக்கத்துச் சனம் எண்டால் பேச்சியம்மாவின்ரையை எடுத்து அழிச்சு எழுதுவன், ஊர் விபரமெல்லாம் சரியா இருக்கும். அந்த மறியல் பெடியன்ரையும் அப்பிடித்தான், அவையும் செட்டிகுளம்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? எங்கை திறக்கிறியள்? ஓம், அது பாஸ்ட் சேவ், கெதியாச் சேவ் பண்ணிறது. அதிலை சரி போட்டுத்தான் கிடக்கு. கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் நிக்கிற ஊரிலை கெதியாச் சேவ் பண்ணினால் நல்லம்தானே.

என்ன தம்பி சொல்லுறியள். அழிச்சது அழியேல்லையோ? நேரம் மிச்சம் பிடிக்கிறதுக்காகப் பழசை அப்பிடியே விட்டுட்டு, புதுசை மட்டும் கீழை ஒட்டி வைக்குமோ? எங்கடை கண்ணுக்குத்தான் காட்டாது, தேடுறதுக்குத் தெரியும். அப்ப நான் அழிச்ச பேரெல்லாம் உள்ளுக்கைதான் இருக்கோ.

தண்ணி குடிச்சிட்டு வாறன், இருங்கோ.

ம். காட்டுங்கோ. நோட்பாட்டிலை திறந்தால் உள்ளுக்கை கிடக்கிறது தெரியுமோ? ஐயோ, இதென்ன பெட்டி பெட்டியா, கீறலும் புள்ளியும். இதிலை என்னத்தை வாசிக்கிறது. சட்டையை மாட்டி விடுறியளோ? மாட்டுங்கோ. தமிழ் வருது. இது பத்மாசனி அக்கா சொன்ன வசனம். அவவின்ரை தம்பி. கீழை இழுங்கோ. இன்னும் இழுங்கோ.

நிப்பாட்டுங்கோ.

வாசிக்க வேண்டாம் தம்பி, எனக்குப் பாடம். எனது கணவர் யூட்சன், தொழில் கடற்றொழில், சொந்த இடம் முல்லைத்தீவு, இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு உண்டு, ஓமந்தைப் பக்கம் விறகுக்குச் சென்ற வேளை பிடித்துச் செல்லப்பட்டார். இது என்ரை கடுதாசி. பழைய ஐயா இருந்த காலத்திலை, நான் இந்த மெசினிலை முதன் முதல் ரைப் பண்ணின கடுதாசி. இந்தத் தழும்பு இப்ப எல்லாற்றை பிள்ளையின்ரை கடுதாசிக்குள்ளையும் கிடக்குது என்ன.

ஓம், அதைத்தான் மாதிரியா வைச்சிருந்தனான். அவற்றை பேரை அழிச்சுப்போட்டு வைச்சனான். ஏன் அழிச்சதெண்டோ? மாதிரிக்குத்தான்.

சரி, அதை விடுங்கோ. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கோ. அந்தச் சரியை எடுத்துவிட்டு, ஒவ்வொண்டாத் திறந்து வேறை பேரிலை புதுசா சேவ் பண்ணினால் உள்ளுக்கை கிடக்கிறது போயிடுமோ? நிச்சயமாப் போயிடுமோ? அப்ப செய்வம். நீங்கள் திறவுங்கோ, நான் பேர் சொல்லுறன். பழசை எல்லாம் அடியோடை அழியுங்கோ, குப்பைக் கூடையிலையும் விடாதேங்கோ. என்ரையிலை இருந்தே துவங்குங்கோ.

ஏன் நிக்கிறியள்?

இல்லைத் தம்பி, எனக்கு டிஸ்க்கிலை போட்டுத் தர வேண்டாம். ஞாபகத்துக்கும் வேண்டாம். உங்கடை நல்ல மனம் எனக்கு விளங்குது, அழியுங்கோ.

ஐயாட்டையோ? வேண்டாம். தவராசா ஐயாட்டை ஒண்டும் சொல்லப் போகாதேங்கோ. அவர் போன முறையே கேட்டவர், உவர் ஆர் இந்த யூட்சன், எல்லாக் கடுதாசியிலையும் வாறார், பெரிய ஆள் போலை, இவற்றை பேரைத் தனியாப் பேப்பரிலை போடுவமோ எண்டு. நான் காது கேளாத மாதிரி நிண்டனான். இப்ப நீங்களும் போய், அது பிரேமினி அக்காவின்ரை மனிசன், பாவம், ஏதாவது செய்யுங்கோ எண்டு சொன்னால், அவர் கட்டாயம் செய்வார். அவரும் நல்ல மனிசன்தான். அதுதான் எனக்குப் பயம்.

தம்பி, கதவைக் கொஞ்சம் சாத்துங்கோ.

அந்தப் பேர் பேப்பரிலை வந்தால் இல்லாத ஆளை ஒருத்தரும் தேட மாட்டினம். இருக்கிற ஆளைத் தேடிப் பிடிச்சவையே திரும்ப வந்திடுவினம். போன மாரி, ஒரு பின்னேரம் வேலை முடிஞ்சு போறன், குசினிப் படியிலை ஆரோ குந்திக்கொண்டு இருக்கிற மாதிரிக் கிடந்தது. அவர்தான். ஆர் விட்டது, விட்டவையோ, தானாத் தப்பி வந்தவரோ, ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை. நான் கேட்டால் கையைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறார். என்னெண்டு வந்தவர் எண்டு தெரியாமல் நான் ஆரிட்டைப் போய், வந்திட்டார் எண்டு சொல்லுறது. அடுத்த நாள் காலமை இஞ்சை வந்து கடுதாசியைத் திறந்து பேரை அழிச்சனான். அப்ப எனக்கு இருந்த சந்தோசம், மாதாவே. மிச்ச வசனம் நல்லாக் கிடந்தது. அதைத்தான் மாதிரியா வைச்சனான்.

தாய்மாருக்குத் தெரியாது. தெரிய விடேல்லை. நீயும் எங்களைப் போலைதானே பிள்ளை, உனக்கும் ஒரு வழி வரும் எண்டு பேச்சியம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லேக்கை நான் ஓம் எண்டுதான் சொல்லுறன். அவவின்ரை பிள்ளை வரேல்லை, என்ரை மனிசன் வந்திட்டார். எனக்கு வெக்கமாக் கிடக்குத் தம்பி. சந்தோசமும்தான். வீட்டு யன்னல் திறக்கிறேல்லை. அவர் இருமினால் நான் ரேடியோவைக் கூட்டி விடுறனான்.

இப்ப உங்களுக்கும் தெரியும். என்ன செய்யிறது, சொல்லாட்டில் நீங்கள் அழிக்கமாட்டியள்.

சரி, துவங்குங்கோ. கெதியா முடிச்சால் நல்லம், சந்தை பூட்ட முதல் நான் போகவேணும். விடிய வெளிக்கிடேக்கை மனிசன் கனநாளைக்குப் பிறகு வாய் திறந்து சூடைமீன் கேட்டவர். கடலிலை நிண்ட மனிசன், வயிறு நிறையச் சாப்பிட ஆசை இருக்கும்தானே. ஆனால் ஒராளுக்கு அளவாத்தான் வாங்கேலும் தம்பி. கூட வாங்கினால், வீட்டிலை ஆர் பிள்ளை வந்து நிக்கினம் எண்டு மீன்காரி கேப்பா.